எண்பத்தேழாவது மனு

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். காலையிலும் மாலையிலும் ரத்த அழுத்தம் பார்த்துத் தேதியோடு குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். "அன்னிக்கு என்ன டென்ஷன்னு கூடவே ஒரு வரி எழுதுங்கம்மா" என்றார். இருபத்தெட்டு வருடமாகக் கோப்புகளில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பவளிடம் ஒரு வரி என்றால் எப்படி?

காலை 146/92. மாலை 150/94.

டென்ஷன்: செயலி மூலம் ஓடும் வாடகைக் கார்களைப் பொதுப் போக்குவரத்தாகக் கருதி முறைப்படுத்தும் வரைவு விதிகள் அரசிதழில் வந்துவிட்டன. பொதுமக்கள் ஆட்சேபணையும் கருத்தும் தெரிவிக்க முப்பது நாள் அவகாசம். வரும் கடிதங்கள் எல்லாம் என் பிரிவுக்குத்தான் வரும். ஒவ்வொன்றையும் படித்து அட்டவணையில் ஏற்றவேண்டும். வரிசை எண், பெயர், கருத்தின் சுருக்கம், துறையின் குறிப்பு என்று நான்கு பத்திகள். கடைசிப் பத்தியில் நான் எழுதுவது 'ஏற்கலாம்' அல்லது 'ஏற்க இயலாது'.

ஜூன் 12

144/90. 148/92.

இதுவரை இருபத்து மூன்று கடிதங்கள். மழை வந்தால் வாடகை இரண்டு மடங்காகிறது என்று பத்துப் பேர். ஏசி போடச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள் என்று ஆறு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வரைவு விதிகளில் இருந்த எழுத்துப் பிழைகளை மட்டும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறார். பதினான்கு பிழைகள். அவற்றில் பன்னிரண்டு நான் செய்தவை. அவருக்கு 'ஏற்கலாம்' என்று எழுதினேன்.

அட்டவணையைத் தட்டச்சு செய்வது ஜெபசீலி. பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உதவியாளர், நாகர்கோவில் பெண். இன்று என்னிடம், "மேடம், நீங்க இந்த வண்டியில எல்லாம் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "போகாமலே விதி எழுதியாச்சா?" என்றாள். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை, அவள் பேச்சே அப்படித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

142/90.

வாஷிங் மெஷின் வடிகால் குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. இவர் குனிந்து சரிசெய்துகொண்டிருக்கும்போது ஜெபசீலி கேட்டதைச் சொன்னேன். "நான் என் போன்ல வண்டி போட்டுத் தரேன், ஒரு நாள் போய்ப் பாரு குமுதா" என்றார். இவரது போனில் அந்தச் செயலி இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

நான் ஏன் போனதில்லை என்பதற்குக் காரணம் ஒன்றுமில்லை. வில்லிவாக்கத்திலிருந்து பஸ் இருக்கிறது.

குழாயைப் பொருத்திக்கொண்டே, "அவங்க பாடும் கஷ்டந்தான். யாராவது ஒருத்தர் புகார் பண்ணா போதும், மறுநாளே செயலியில ஐடியை நிறுத்திடறாங்க, சவாரியே வராது. எதுக்குன்னு சொல்றதுகூட இல்லையாம்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல பார்த்தேன்."

நம் வீட்டுக்கு வரும் பேப்பரை நானும்தான் படிக்கிறேன். அதற்குள் எழுந்து பால் வாங்கப் போய்விட்டார்.

ஜூன் 17

146/90. 146/92.

வண்டியில் போனேன். ஓட்டுநருக்கு அறுபது வயது இருக்கும். ஏறியதும் நான்கு இலக்க எண் கேட்டார். எதற்கு என்றேன். "நீங்கதான் நீங்கன்னு எனக்குத் தெரியணும்ல" என்றார். வழியெல்லாம் தன் மூன்று மகள்களைப் பற்றிச் சொன்னார். கடைசி மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாளாம். இறங்கும்போது, "அஞ்சு நட்சத்திரம் போட்டுடுங்கம்மா" என்றார். பரீட்சை எழுதி முடித்த பையன் மார்க்கைக் கேட்பது போல இருந்தது. இவர் போனில் போட்டேன்.

கார் வசதியாகத்தான் இருந்தது. முன்இருக்கையில் உட்காரவில்லை.

ஜூன் 26

காலை 144/90. மாலை 168/102. காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 27

156/98. 160/98.

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். டாக்டர் கேட்டால் சொல்லவேண்டும்.

எண்பத்தேழாவது மனு கோடு போட்ட தாளில் கையால் எழுதியது. 'ழ' எழுத்தின் கால் அடுத்த வரிவரை நீண்டு கிடந்தது. பெயரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த 'ழ'வைச் சுருக்கி எழுதும்படி, அவன் நான்காம் வகுப்பில் இருந்தபோது அந்தக் கையில் ஸ்கேலால் அடித்தவள் நான்.

மனுதாரர்: தி. ஞானப்பிரகாசம், செயலி வாடகைக் கார் ஓட்டுநர், அம்பத்தூர், புதூர்.

மனுவின் முக்கியப் பகுதியை அப்படியே எழுதுகிறேன்.

"மார்ச் 25 காலை என் ஐடி நிறுத்தப்பட்டது. ஒரு பயணி புகார் கொடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. என்ன புகார் என்று அதில் இல்லை. போன் செய்தால் இயந்திரம் பேசுகிறது. எழுதிக் கேட்டால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. நான் தவறு செய்திருந்தால் தண்டனை கொடுங்கள். அதற்கு முன் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கவேண்டும். எங்கள் வண்டிகள் இனிமேல் பொதுப் போக்குவரத்து என்று விதி போடுகிறீர்கள். நல்லது. என் தந்தை அரசுப் பேருந்து ஓட்டுநர். முப்பத்தோரு வருடத்தில் நான்கு மெமோ வாங்கினார். நான்கு முறையும் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். வண்டி பொது என்றால் அந்த முறையும் பொதுவாக இருக்கவேண்டும் அல்லவா?"

அந்த நான்கு மெமோக்களுக்கும் விளக்கம் எழுதியது நான். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். பக்கத்தில் தம்பி ஞானம், அப்பாவின் கையெழுத்துக்காகப் பேனாவோடு காத்திருப்பான்.

மனு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அலுவலக முறையில் சொல்கிறேன்.

ஜூன் 30

152/96.

எண்பத்தேழுக்கு நான்காவது பத்தி: "நிறுவனத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான ஒப்பந்தம் சார்ந்தது. விதிகளின் வரம்புக்குள் வராது. ஏற்க இயலாது."

வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் எழுதியிருக்கிறேன்.

தட்டச்சு செய்யும்போது ஜெபசீலி, "பாவம் மேடம் இவரு. என்ன தப்புன்னே தெரியாம மூணு மாசமா உக்காந்திருக்காரு" என்றாள். தட்டச்சில் கவனம் வை என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

150/94.

ஞானத்தோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. டாக்டருக்கு இது தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து அப்பா ஏழு மாதம் படுக்கையில் இருந்தார், ஞானம் வீட்டில். கடைசி வாரத்தில் நாள் எண்ணிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்ச் 24ஆம் தேதி மாலை அவர் போனபோது அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவி கஸ்தூரி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நான் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கீழ்வீட்டு அம்மாதான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தம்பி மூணு மணிக்கே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரும்மா, முடிஞ்சப்புறந்தான் வந்தாரு" என்றார். அத்தனை பேருக்கும் நடுவில் அவனைப் பார்த்து, "அப்பாவைவிட சவாரி பெருசாப் போச்சாடா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இனி என் வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டு வந்தேன். வரவில்லை.

குற்றம் இல்லாதவன் பதில் சொல்லியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

நான் அன்றைக்குச் சட்டமன்ற அலுவலில் இருந்தேன். மானியக் கோரிக்கை விவாத நாள். அதிகாரிகள் போனை அணைத்துவைக்க வேண்டும்.

ஜூலை 8

150/94. 144/90.

அலுவலக உதவியாளர் முனிரத்தினம் சொல்லாமல் மூன்று நாள் வரவில்லை. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு மெமோ தயாரித்தேன். மதியமே பதில் எழுதிக்கொண்டு வந்தார். மாமியாருக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய், எழும்பூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தாராம். போன் செய்யத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தார். விளக்கத்தை ஏற்றுக் கோப்பில் வைத்தேன்.

பிறகு வெகுநேரம் அந்தக் கோப்பை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜெபசீலியைக் கூப்பிட்டு, ஐடி நிறுத்தம் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னேன். பத்தொன்பது பேர். எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: எங்களைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் நான் 'ஏற்க இயலாது' எழுதியிருந்தேன்.

ஜூலை 9

142/90.

சார்புச் செயலாளர் பிரகலாதன் சாரிடம் போய், எண்பத்தேழாவது மனுதாரர் என் தம்பி என்று சொன்னேன். அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொந்தத் தம்பிக்கா ஏற்க இயலாதுன்னு எழுதினீங்க?" என்றார்.

"ஆமாம் சார்."

"சரியான காரணமா?"

"இல்ல சார். கோவத்துல எழுதினேன். பத்தொன்பது பேர் இதையே கேட்டிருக்காங்க. மறுபடி பார்க்கணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க தம்பி மனுவுக்கு நான் குறிப்பு எழுதறேன். மத்த பதினெட்டும் உங்க வேலை. பதினெட்டு பேருக்கு நியாயமாப் பட்டதை எழுதுங்க, போதும்."

ஜூலை 18, வெள்ளி

கருத்துக் கேட்புக் கூட்டம். காலையில் அழுத்தம் பார்க்கவில்லை. கருவியை எடுக்கவே பயமாக இருந்தது.

மனு கொடுத்தவர்களில் விரும்பியவர்கள் நேரில் பேசலாம், ஒருவருக்கு மூன்று நிமிடம். மேடையின் ஓரத்தில் நான். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும், மூன்று நிமிடம் ஆனதும் மணி அடிப்பதும் என் பொறுப்பு. மணி என்றால் மேஜையில் வைத்துக் கையால் அமுக்கும் சின்ன பித்தளை மணி.

பதினோராவதாக அவன் வந்தான். காதோரம் நரைத்திருக்கிறது. சட்டையை இஸ்திரி போட்டிருந்தான், மடிப்பு இன்னும் கலையவில்லை. ஒலிபெருக்கி அவன் உயரத்துக்குத் தாழ்வாக இருந்ததால் குனிந்து பேசினான்.

"ஐயா, மேடம், வணக்கம்" என்று தொடங்கினான். மேடம் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான்.

"நான் எங்கயாவது தப்பாப் பேசியிருக்கலாம். வண்டிய முரட்டுத்தனமா திருப்பியிருக்கலாம். அன்னிக்கு ஓட்டின ஒவ்வொரு சவாரியையும் மனசுக்குள்ள திரும்ப ஓட்டிப் பார்த்துட்டேன் ஐயா. தெரிஞ்சா மன்னிப்பு கேப்பேன். எதுக்குன்னு தெரியாம மன்னிப்பு எப்படிக் கேக்கறது? இப்ப ஒரு ஸ்கூல் வேனுக்கு மாத்து டிரைவராப் போறேன். பொழப்பு நடக்குது. ஆனா வீட்ல பொண்ணு கேக்குறா, 'நீ என்னப்பா பண்ணினே'ன்னு. ஆறு வயசு. அவளுக்கு நான் என்ன சொல்றது?"

மூன்று நிமிடம் ஆகிவிட்டது. கை மணிமேல்தான் இருந்தது. பிரகலாதன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடிக்கவில்லை.

"ஒருத்தரை நிறுத்தறதுக்கு முன்னாடி, என்னப்பா நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவன் சொல்றதை நம்பணும்னு இல்ல. கேட்டா போதும். அவ்வளவுதான் ஐயா. நன்றி மேடம்."

நான்கு நிமிடம் இருபது வினாடி. குறிப்பில் மூன்று நிமிடம் என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய முதல் பொய்க்குறிப்பு.

ஜூலை 19

162/100. ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். இவர் உப்பு டப்பாவை எடுத்துவந்து தானே போட்டுக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் இவரிடம், "ஞானம் வீட்டுக்குப் போகணும். புதூர்ல எங்கேன்னு தெரியல" என்றேன். இவர் பேப்பரை மடித்தார். "பெட்ரோல் பங்க் தாண்டி ரெண்டாவது தெரு. மாடி" என்றார்.

"பேப்பர்ல பார்த்தீங்களா?"

"வருஷத்துல நாலஞ்சு தடவை போவேன். குழந்தை பொறந்தப்ப போனேன். உன்கிட்ட சொன்னா நீ போகாதேன்னு சொல்லிடுவேன்னு சொல்லல."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். இவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

கதவைத் திறந்தது கஸ்தூரி. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, "வாங்க அண்ணி" என்றாள். ஞானம் தரையில் உட்கார்ந்து மகளுக்கு ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து, கறுப்பான கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது. அப்படியே எங்கள் அப்பாவின் நெற்றி.

காபி வந்தது. கஸ்தூரி குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

"ஆபீஸ் விஷயமா வந்தியாக்கா?"

"இல்லடா. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நான் உன்னைக் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன்."

"இப்ப எதுக்குக்கா."

"சொல்லு."

கையிலிருந்த பாலிஷை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். அன்று மதியம் அப்பாவுக்கு நினைவு நன்றாகத் தெளிந்ததாம். குமுதாவைக் கூட்டிவா என்று வாய் குழறிச் சொன்னாராம், மூன்று நான்கு தடவை. இவன் போன் செய்திருக்கிறான். அணைத்திருந்தது. கீழ்வீட்டு அம்மாவை உட்காரவைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, சட்டமன்றம் நடக்கும் கோட்டைக்கு வந்திருக்கிறான். பாஸ் இல்லாமல் உள்ளே விடவில்லை. காவலரிடம் பெயரெழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். துண்டுச்சீட்டு என்ன ஆனதோ. வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறான்.

"நீ வெளியில வந்துட்டேன்னா பத்து நிமிஷம் முன்னாடி கெளம்பிடலாமேன்னு வண்டிய ஆஃப் பண்ணாமலே வெச்சிருந்தேன். அப்புறம் கீழ்வீட்டம்மா போன் பண்ணாங்க."

"ஏண்டா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ அந்த போனையே நினைச்சு நினைச்சு அழுவே. காரியம் முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் நீ வாசலுக்கு வராதேன்னுட்டே." துணியைக் கீழே வைத்தான். "கோவமும் இருந்துச்சுக்கா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. கேட்டா சொல்லிடலாம்னு முதல் வருஷம் பூரா காத்துட்டிருந்தேன்."

நான் அழுதேன். அவன் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். டம்ளரில் அவன் விரல் பாலிஷ் பட்டிருந்தது. குடித்தேன்.

ஜூலை 21

மானியக் கோரிக்கை விவாத நாள் என்று இந்த நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். போனை அணைத்துவைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். அவன் கூப்பிட்டிருக்கலாம் என்று எழுதியவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

138/88. கருவி கெட்டுவிட்டதோ என்று இவர் கையில் கட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

140/90.

செயலாளர் அறையில் கூட்டம். நிறுவனங்களின் சார்பில் மூன்று பேர். ஓட்டுநரைக் கேட்காமல் ஐடியை நிறுத்தக் கூடாது என்று திருத்திய வரைவில் நான் சேர்த்திருந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண், "சார், ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொண்ணு பயந்துபோய்ப் புகார் கொடுக்குது. டிரைவரைக் கூப்பிட்டு விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் அவர் அடுத்த பொண்ணை ஏத்திட்டுப் போகலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. என் தம்பியை மட்டுமே நினைத்து எழுதியிருக்கிறேன்.

செயலாளர் என்னைப் பார்த்தார்.

"பாதுகாப்புப் புகார்னா உடனே நிறுத்தட்டும் சார். ஆனா என்ன புகார்னு ஒரு நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும். ஏழு நாளைக்குள்ள ஒரு ஆள் நேர்ல உக்காந்து அவர் பக்கத்தைக் கேக்கணும். இயந்திரம் இல்ல சார், ஆள். ஏற்கெனவே நிறுத்தினவங்களையும் முப்பது நாளைக்குள்ள கேக்கணும்."

"பேருந்துக்கு அப்படித்தானே இருக்கு?" என்றார் செயலாளர்.

"ஆமாம் சார். இதுவும் பொதுப் போக்குவரத்துன்னு முதல் வரியிலயே நாமதான் எழுதியிருக்கோம்."

பிரகலாதன் சார் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். சிரித்தாரோ என்று சந்தேகம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

138/86.

ஞானமும் கஸ்தூரியும் குழந்தையோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை. சமைத்ததை இரண்டு தூக்கில் போட்டு இவரிடம் கொடுத்தனுப்பினேன். குழந்தை மிளகு ரசம் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்ததாம். என்னை அங்கே 'மேடம் அத்தை' என்று சொல்கிறதாம்.

செப்டம்பர் 3

இறுதி விதிகள் அரசிதழில். நான் கேட்டதில் பாதி இருக்கிறது. எழுத்தில் காரணம் சொல்வது ஒரு நாள் என்றிருந்தது மூன்று நாளாகியிருக்கிறது. ஏழு நாள் பதினைந்து ஆகியிருக்கிறது. 'ஓர் அலுவலர் நேரில் கேட்டறிந்து' என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. அச்சுப் பிழை ஒன்றுமில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னேன்.

செப்டம்பர் 10

டாக்டர் நோட்டைப் புரட்டினார். எண்களை மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். ஜூன் 26ஆம் தேதிப் பக்கத்தில் நின்று, அடுத்த பக்கம் திருப்பி, உட்கார்ந்து படித்தார். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். மாத்திரை அளவைக் குறைத்துவிட்டு, "தொடர்ந்து எழுதுங்கம்மா" என்றார்.

செப்டம்பர் 24

ஞானத்தை நிறுவனத்தில் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்று விதியில் இருக்கிறது. "நீ வாக்கா. ஆனா ஒண்ணும் பேசாதே. நீ யாருன்னும் சொல்லாதே" என்றான். விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவாக மட்டும் போனேன்.

சிறிய அறை. மேஜைக்கு எதிரில் ஓர் இளம்பெண், முப்பது வயது இருக்காது. அவளுக்கும் இது புதிது போலிருக்கிறது, இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள். மடிக்கணினியிலிருந்து படித்தாள்.

"மார்ச் 24. தங்கசாலையில இருந்து அடையாறு. மாலை நாலே முக்கால். பயணி எழுதியிருக்காங்க: 'டிரைவர் வழியில் திடீரென்று அழ ஆரம்பித்தார். என்ன என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டே ஓட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. இங்கே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கடற்கரைச் சாலையில் பாதியில் இறங்கிவிட்டேன்.'"

ஆறு மாதமாகத் தெரிந்துகொள்ளக் காத்திருந்த குற்றம் அதுதான். ஞானம் தலையாட்டினான்.

"ஆமாங்க. அழுதேன். இதைப் போய்ப் புகாராக் கொடுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

"ஏன்னு சொல்ல முடியுமாங்க?"

"எங்கப்பா இறந்த நாள். எப்பவும் அன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன். இந்த வருஷம் எடுத்தேன். அந்த சவாரி கோட்டை வழியாப் போச்சு. நான் ஒரு தடவை நின்ன எடம் அது." என்னைப் பார்க்கவில்லை. "அந்தம்மா சொன்னது சரிதாங்க. டிரைவர் அழுதா பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்குப் பயமாத்தான் இருக்கும். வண்டிய ஓரம் கட்டியிருக்கணும். அவங்ககிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லிடுங்க."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். "நம்பர் தர முடியாதுங்க. ஆனா நீங்க சொன்னதை அவங்களுக்கு அனுப்பறேன்" என்றாள்.

நான் பேசவில்லை. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தான்.

வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தோம். இஞ்சி அதிகம். "பொண்ணுகிட்ட இப்ப என்னடா சொல்லுவே?" என்றேன்.

"அழுதேன்னு சொல்றேன். அவளுக்கு அது புரியும்" என்றான்.

அக்டோபர் 5, ஞாயிறு

வியாழக்கிழமை ஐடி திரும்ப வந்துவிட்டது. அந்தப் பயணி, பரவாயில்லை என்று ஒரு வரி அனுப்பியிருந்தாராம். அதை இவரிடமும் என்னிடமும் தனித்தனியாகப் படித்துக் காட்டினான்.

இன்று அவன் வீட்டில் சாப்பாடு. காலையில் அவனே வந்து வாசலில் வண்டியை நிறுத்தினான். படியேறி உள்ளே வந்து, இவரிடம் பேசிக்கொண்டே வாஷிங் மெஷின் குழாயைக் குனிந்து பார்த்தான். ஆறு வருடம் கழித்து வீட்டுக்குள் வந்தவன் செய்த முதல் வேலை அது. இவர் மாலை வருவதாகச் சொன்னதால் நாங்கள் இருவரும் கிளம்பினோம். முன்இருக்கையில் உட்கார்ந்தேன்.

பாடி சிக்னல் தாண்டும்போது அவன் போன் ஒலித்தது. அவன் விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது. பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஐயோ, சவாரி வந்துடுச்சுக்கா. வேலை செய்யுதான்னு பார்க்க ஆன் பண்ணி வெச்சிருந்தேன். கேன்சல் பண்ணிடறேன்."

"ஏத்துக்கிட்டியா?"

"அமுக்கிட்டேன்."

"அப்ப போகணும். ஏத்துக்கிட்ட சவாரியை மறுக்கக் கூடாது."

"உன்னை நடுரோட்டுல இறக்கிவிட்டா?"

"எனக்கு பஸ் இருக்கு. கஸ்தூரிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ ஓரமா நிறுத்து."

பயணி நின்ற இடத்திலேயே நிறுத்தினான். வயதான ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். ஆஸ்பத்திரி பை ஒன்று தோளில். நான் இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். ஞானம் சுற்றிவந்து பெரியவரின் தலை இடிக்காமல் கையை வைத்து உள்ளே உட்காரவைத்தான்.

அந்தப் பெண் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க சவாரியை நாங்க பாதியில எடுத்துக்கிட்டோமாங்க?"

"இல்லைங்க. நான் இவனோட அக்கா. நீங்க பத்திரமாப் போயிட்டு வாங்க."

கார் நகர்ந்தது. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே போனது தெரிந்தது. ரோட்டைப் பாரு என்று கையைக் காட்டினேன். பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. வெயில் கொளுத்தியது. நன்றாக இருந்தது.